குழந்தையைத் தூக்க யாருக்கு அனுமதி?

எங்கள் பெரிய டீச்சருக்கு இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் அளவு இறங்கியிருக்கும். பத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கத்து இடுப்பில்தான் குழந்தைகள். போன வருஷம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "இனிமே வெயிட் எதையும் தூக்காதீங்கம்மா" என்றாராம். "வெயிட்டெல்லாம் தூக்கறதே இல்லைங்க, குழந்தைங்களை மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. 'தூக்கு' என்கிற ஒரே ஒரு சொல்லை வைத்து அவருடைய தலைமைப் பொறுப்பைப் பிடுங்கினார்கள். நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் வேகவேகமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். எங்கேயாவது எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் செய்த பிழையை மட்டும் பொறுக்காதீர்கள்.

எங்கள் குழந்தைகள் காப்பகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. இரண்டு பெரிய அறைகள், ஒரு சமையலறை, பாய்களை அடுக்கி வைக்கும் ஒரு சின்ன அறை. நாற்பத்தொரு குழந்தைகள். நடக்கப் பழகுவதிலிருந்து பள்ளிக்குப் போகிற வயது வரை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் 'புஸ்ஸ்' என்று கேட்டால், மேலே நாற்பத்தொன்றும் சேர்ந்து 'புஸ்ஸ்' என்று சொல்லும்.

பெரிய டீச்சர் இங்கே டீச்சராக வரவில்லை. துணி அலசுகிற வேலைக்கு வந்தவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். கல்யாணமாகி, மகளும் பிறந்த பிறகு, இருபத்தேழு வயதில் பத்தாவது பாஸ் பண்ணினார். அப்புறம் தபால் வழியில் குழந்தைக் கல்வி டிப்ளமோ. பாய் அறையில் உட்கார்ந்து, தூங்குகிற குழந்தைகளுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே படித்தாராம். முதலில் உதவியாளர், பிறகு டீச்சர், ஏழு வருஷமாகத் தலைமை. நான் வந்து ஒன்றரை வருஷம். எல்லோருக்கும் நான் 'சின்ன டீச்சர்'.

அவரிடம் ஒரு நீளமான நோட்டு உண்டு. சாயங்காலம் எந்தக் குழந்தையை யார் வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று பெற்றவர்கள் தங்கள் கையால் எழுதித் தந்த நோட்டு. அதில் பெயர் இல்லாதவன் எவனாக இருந்தாலும் படி ஏற முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவன் பொம்மைக் காரோடு வந்து ஒரு பெண்குழந்தையைக் கேட்டு, "நான் அவளோட மாமாதான், அக்காவுக்கு உடம்பு சரியில்ல" என்றானாம். இவர் படிக்கட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றார். இரண்டரை மணி நேரம். அவன் கத்தினான், கெஞ்சினான், கதவை உதைத்தான். கடைசியில் அம்மாக்காரி ஓடிவந்து அவனைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எவனிடமிருந்து தப்பி ஊர் மாறி வந்தாளோ அவனேதான்.

இவரைப் பற்றித்தான் அந்தக் கடிதம் வந்தது. கேளுங்கள்.

காப்பகத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இணையவழித் தொடர் பயிற்சி முடிக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரம், பன்னிரண்டு பாடம், கடைசியில் நாற்பது கேள்வி. தேறினால்தான் சான்றிதழ் நீளும். உதவித் தலைமை என்பதால் நானும் எழுத வேண்டும். பாடம் வேறு மொழியில் செய்து, அப்படியே மெஷினில் போட்டுத் தமிழாக்கியது. யாரும் திருப்பிப் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 'மதிய உணவுக்குப் பின் குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் மீதி கொடுக்கவும்' என்று மூன்றாவது பாடம் சொல்கிறது.

எங்கள் சமையலக்கா அதைக் கேட்டுவிட்டுக் கரண்டியோடு வந்தார். "மீதியா? மிச்ச சாப்பாட்டயா ஒரு மணி நேரமா குடுக்கச் சொல்றான்? எங்க வீட்ல நாய் கூட அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடும்."

"ரெஸ்டுன்னு சொல்ல வந்திருக்கான் அக்கா" என்றேன்.

"அப்ப ரெஸ்டுன்னே சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

சிரித்தோம். சிரித்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போதே கத்தியிருக்க வேண்டும்.

நான் எப்படிப் பாஸானேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சி எடுப்பவர்களுக்கு ஒரு போன் குழு இருக்கிறது. அதில் யாரோ நாற்பது விடைகளையும் வரிசையாகப் போட்டுவிட்டார்கள். ஒன்றுக்கு ஆ, இரண்டுக்கு ஈ என்று. பதினொரு நிமிஷத்தில் அடித்து முடித்தேன். நாற்பதுக்கு நாற்பது. பெரிய டீச்சரிடம் அந்தப் பட்டியலை நீட்டினேன்.

"எதுக்கு? எனக்குத் தெரியாததையா கேக்கப் போறாங்க?" என்றார்.

பன்னிரண்டு பாடத்தையும் படித்தார். பத்தாவது பாடத்தில் ஒரு செயல்பாடு: 'உங்கள் மையத்தில் குழந்தைகளைத் தூக்கும் நபர்களின் பட்டியலை வாசலில் மாட்டிப் புகைப்படம் அனுப்பவும்.' டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். "இது என்ன கேள்வி? நம்ம அஞ்சு பேரும்தான் தூக்கறோம்" என்று அட்டையில் பெரிதாக எழுதினார்: தூக்கும் நபர்கள் – இங்கே இருக்கிற எல்லோரும். கீழே ஒரு பூவும் வரைந்தார். போட்டோ எடுத்து அனுப்பியது நான்தான்.

தேர்வில் முப்பத்திரண்டாவது கேள்வி, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரத்தோடு: 'ஒரு குழந்தையைத் தூக்க யாருக்கு அனுமதி உண்டு?' முதல் விடை, 'எழுத்து மூலம் பெயர் அளிக்கப்பட்ட நபருக்கு மட்டும்.' இரண்டாவது, 'அருகில் இருக்கும் எந்தப் பெரியவருக்கும்.' மற்ற இரண்டும் உளறல்.

பத்தொன்பது வருஷம் குழந்தை தூக்கிய பெண் எதை அமுக்குவார்? நீங்கள் எதை அமுக்குவீர்கள்?

நாற்பதுக்கு முப்பத்தொன்பது. ஆனால் தேறவில்லை. சிவப்பு நட்சத்திரக் கேள்வி தவறினால் மொத்தமும் தவறு. மறுநாள் கடிதம் வந்தது: 'குழந்தைகளை எவர் வேண்டுமானாலும் கொண்டுசெல்ல அனுமதிக்கும் மனப்பாங்கு தங்களிடம் கண்டறியப்பட்டுள்ளது. தாங்கள் அனுப்பிய புகைப்படமும் இதை உறுதி செய்கிறது. மாத இறுதியில் தங்கள் சான்றிதழ் காலாவதியாகும்.'

டீச்சர் அதைப் படித்தபோது இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. குழந்தையை மெதுவாக இறக்கி விட்டார். அவர் தானாக ஒரு குழந்தையை இறக்கி விட்டு நான் பார்த்ததே இல்லை.

"கொண்டுசெல்ல... இதுல எங்க வந்துச்சு கொண்டுசெல்றது?"

நான் பாடத்தை மூல மொழிக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கே இருந்தது 'பிக் அப்'. சாயங்காலம் பிள்ளையைப் பிக்கப் பண்ண வருவது. அதைத்தான் அந்த மெஷின் 'தூக்கு' என்று போட்டிருக்கிறது. ஓடிப்போய் டீச்சரிடம் காட்டினேன்.

"அப்ப இவங்க கேட்டது என் நோட்டப் பத்தியா?" என்றார். "என்கிட்டயா? அந்த நோட்ட வெச்சிருக்கிற என்கிட்டயா?"

உதவி எண்ணுக்கு அழைத்தோம். நாற்பது நிமிஷம் பாட்டு போட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு பையன் வந்தான்.

"மேடம், எல்லாருக்கும் இதே கேள்விதான்."

"அதான் தம்பி பிரச்சினையே."

"இல்ல மேடம், தொண்ணூத்தாறு சதவீதம் பேர் கரெக்டா போட்டிருக்காங்க."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தொண்ணூற்றாறில் நானும் ஒருத்தி. படித்தவர் ஃபெயில், படிக்காத நான் பாஸ். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புகார் எழுதிக்கிறேன் மேடம். வேற ஏதாவது உதவி?"

"தமிழ் தெரிஞ்ச ஒருத்தர வேலைக்கு வைங்க தம்பி. அதான் வேணும்."

சாயங்காலம் அவர் வீட்டுக்காரர் வண்டியோடு வந்தார். லேத் பட்டறையில் வேலை. எதையும் கிண்டலாகத்தான் பேசுவார்.

"என்னது, ஒரு தூக்கு தப்பாப் போனதுக்கு உன்னையே தூக்கிட்டாங்களா?"

"சிரிக்காதீங்க. செம கோவத்துல இருக்கேன்."

"அது தெரியுது. அதான் ஹெல்மெட் போட்டுட்டே பேசறேன்."

சனிக்கிழமை ஒரு நேரலை வகுப்பு இருந்தது. முன்னூறு காப்பகத் தலைமைகள், எல்லோருக்கும் மைக் அடைப்பு. பயிற்சியாளர் படம் காட்டிக்கொண்டே போனார். பத்தாவது பாடம் வந்தது. "அனுமதி இல்லாத எவரும் குழந்தையைத் தூக்கக் கூடாது. ரொம்ப முக்கியமான பாயிண்ட்" என்று வாசித்தார். டீச்சர் ஒற்றை விரலால் திரைக்குக் கீழே இருந்த கேள்விப் பெட்டியில் அடித்தார்: 'குழந்தை கீழே விழுந்தால் தூக்கலாமா கூடாதா? பதில் சொல்லுங்க.'

அவர் கவனிக்கவில்லை. டீச்சர் மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை வேறு யாரோ 'தூக்கலாமா?' என்று சேர்த்து அடித்தார்கள். அப்புறம் இன்னொருவர். ஒரு நிமிஷத்தில் திரை முழுக்க 'தூக்கலாமா தூக்கலாமா தூக்கலாமா' என்று ஓடியது. பயிற்சியாளர் மிரண்டுபோய், "அனுமதி இருந்தா தூக்கலாம் மேடம்ஸ், பாடத்துல தெளிவா இருக்கு" என்றார். பெட்டியை மூடிவிட்டார்கள்.

வகுப்பு முடிந்த ஐந்தாவது நிமிஷம் டீச்சருக்கு ஒரு போன். வேறொரு காப்பகத்தின் தலைமை. அவரைக் 'கண்ணாடி டீச்சர்' என்பார்கள். குரல் கம்மியிருந்தது. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"நீங்க கேட்டதப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாங்க அந்தப் பாடத்துல சொன்னாப்ல போர்டே மாட்டிட்டோம். எழுத்து அனுமதி இல்லாம குழந்தையத் தூக்கக் கூடாதுன்னு. லிஸ்ட்ல என் பேரும் இன்னொரு டீச்சர் பேரும்தான். முந்தாநேத்து ஒரு குழந்தை சறுக்குலேர்ந்து விழுந்திடுச்சு. புதுசா வந்த பொண்ணு பக்கத்துலயே நிக்கிறா. தூக்கல. அவ பேரு லிஸ்ட்ல இல்லையாம். என்னத் தேடி ஓடி வர்றா. நான் கீழ காய்கறிக்காரர்கிட்ட நிக்கிறேன்."

"எவ்ளோ நேரம்?"

"நாலஞ்சு நிமிஷம் இருக்கும். கைமுட்டி விலகியிருந்துச்சு. அது ரெண்டு கையையும்... ஒரு கையத் தூக்கிட்டு, அம்மா அம்மான்னு..."

டீச்சர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். பாய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் பின்னாலேயே போனேன். அழவில்லை. பாய்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக்கொண்டிருந்தார். அடி அடியென்று. தூசி பறந்தது.

"என் மார்க்கு போனாப் போகுதும்மா," என்றார் மூச்சு வாங்க. "ஆனா ஒரு குழந்தை கை நீட்டிச்சு, ஒரு பொண்ணு லிஸ்டப் பாத்துச்சுன்னு சொல்றாங்க பாரு. இத விடமாட்டேன். சாமி சத்தியமா விடமாட்டேன்."

அன்றைக்கே புகாரை மாற்றி எழுதினார். தன் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேள்வியையும் பாடத்தையும் மாற்ற வேண்டும், படித்த எல்லோருக்கும் தவறு என்று அறிவிக்க வேண்டும், போர்டுகளைக் கழற்றச் சொல்ல வேண்டும். தினமும் ஒரு கடிதம். தினமும் அதே பதில்: 'தங்கள் கருத்து மதிப்பு மிக்கது.'

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் வேறு மாதிரி பதில் வந்தது. 'தங்கள் விடை சிறப்பு நேர்வாகச் சரியெனக் கொள்ளப்பட்டுச் சான்றிதழ் புதுப்பிக்கப்படும். புகார் தீர்ந்தது என ஒப்புக்கொள்ளவும்.' கீழே இரண்டு பட்டன். ஒன்று 'ஒப்புக்கொள்கிறேன்'. மற்றொன்று 'பிறகு'.

நான் துள்ளிவிட்டேன். "டீச்சர்! முடிஞ்சது!"

"கேள்விய மாத்திட்டாங்களா?"

பார்த்தேன். மாற்றவில்லை. தூக்கு தூக்காகவே இருந்தது.

அவர் வீட்டுக்காரர் அப்போது படிக்கட்டுக் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார். அவரும் எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"இந்தா பாரு, ஒரு அமுக்கு. உன் பொறுப்பு உனக்கு. உள்ள இருந்துட்டு அப்புறம் சண்ட போடு."

"அமுக்கினா புகார் தீந்துடுச்சுன்னு ஆயிடும். அப்புறம் எத வெச்சு சண்ட போடறது?"

"அமுக்கலேன்னா ஒண்ணாந்தேதிலேர்ந்து இந்தச் சின்னப்பொண்ணு உனக்கு மேலதிகாரி. தெரியும்ல?"

"என்னங்க, அந்தக் குழந்தை கை..."

அவர் ஸ்குரூவைக் கடைசி வரை திருகி முடித்தார். பிறகு, "சரி விடு. உன்ன மாத்த எந்த லேத்தும் கிடையாது" என்றார்.

டீச்சர் திரையையே பார்த்தார். "மாட்டேன்னு ஒரு பட்டன் வைக்கல பாத்தியா? ஒண்ணு சரின்னு சொல்லணும், இல்லேன்னா பிறகு சரின்னு சொல்லணும்."

எதையும் அமுக்காமல் கம்ப்யூட்டரை அணைத்தார்.

ஒன்றாம் தேதி தலைமைப் பெயர்ப் பலகையில் என் பெயரை ஒட்டினோம். அவரே நாற்காலி போட்டு ஏறி ஒட்டினார். எனக்கு இருபத்துமூன்று வயது. விடை வரிசையைப் பார்த்துப் பாஸானவள். அந்தப் பலகையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சமையலக்கா மட்டும், "பேர யார் வேணா ஒட்டிக்கட்டும், எனக்கு உப்பு சரியான்னு சொல்றவங்கதான் தலைமை" என்று கிண்ணத்தை டீச்சரிடமே நீட்டினார்.

நான்காம் நாள் ஆய்வாளர் அம்மா வந்தார். ஃபைலைப் பிரித்து, 'பாதுகாப்பு மனப்பாங்குக் குறைவு' என்ற வரியில் விரல் வைத்து, டீச்சரை ஒரு மாதிரி பார்த்தார். "உங்கள மாதிரி அனுபவம் உள்ளவங்களே இப்படி இருந்தா எப்படிம்மா?"

டீச்சர் வாயைத் திறக்குமுன் ஒரு பிள்ளை ஓடிவந்தது. ஆய்வாளரின் கைப்பை வார் தரையில் கிடந்தது. கால் மாட்டி முகம் குப்புற விழுந்தது. ஆய்வாளர் ஃபைலை அப்படியே போட்டுவிட்டு வாரி அணைத்துத் தூக்கினார். "ஐயோ செல்லம், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." தோளில் போட்டு முதுகைத் தட்டினார். நன்றாகத் தட்டினார், அதையும் சொல்ல வேண்டும்.

டீச்சர் குழந்தையின் உதட்டை விலக்கிப் பார்த்தார். பல் சரியாக இருந்தது. பிறகு, "மேடம், எழுத்துல அனுமதி வாங்கினீங்களா?" என்றார்.

"என்ன கேக்கறீங்க? குழந்தை விழுந்திருக்கு!"

"அதத்தான் நானும் எழுதினேன். முப்பத்திரண்டாவது கேள்வி."

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். ஆய்வாளர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டே படித்தார். இரண்டு தடவை படித்தார். முகம் சிவந்துவிட்டது. கண்ணாடி டீச்சர் காப்பகத்தில் நடந்ததை டீச்சர் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஆணி அடிக்கிற மாதிரி விழுந்தது.

"எத்தன பேர் படிச்சிருப்பாங்க இத?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"படிச்சவங்க கம்மி மேடம். படிச்சவங்கள்ல ஒருத்தி நான். அதான் இங்க நிக்கிறேன்."

பதினொரு நாளில் மாறியது. 'தூக்க' என்பது 'அழைத்துச் செல்ல' ஆனது. போர்டுகளைக் கழற்றும்படி எல்லோருக்கும் சுற்றறிக்கை போனது. அதில் 'சிறு சொல் திருத்தம்' என்று இருந்தது. சிறு! அந்தக் குழந்தையின் கைக்கு மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். மன்னிப்பு என்ற சொல் அவர்கள் மெஷினில் இல்லை போலிருக்கிறது.

டீச்சரின் சான்றிதழும் திரும்பவில்லை. 'காலாவதியான பின் சிறப்பு நேர்வு பொருந்தாது.' பயிற்சியை முதலிலிருந்து எடுக்க வேண்டுமாம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உதவி எண்ணில் அதே பையன்தான் இதைச் சொன்னான்.

"எடுக்கறேன் தம்பி," என்றார் டீச்சர். "இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கறேன். ஒரு வரி விடாமப் படிப்பேன். ஒவ்வொரு தப்புக்கும் உனக்குப் போன் பண்ணுவேன். நீங்க எத்தன மணி வரைக்கும் இருப்பீங்க?"

"ஆறு மணி வரைக்கும் மேடம்."

"நல்லது."

பலகையில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறது. நான் இதை அடிக்கிற இந்த நேரத்தில் அவர் பாய் அறையில் ஐந்தாவது பாடத்தில் இருக்கிறார். மணி நாலரை. போன் ஸ்பீக்கரில் இருக்கிறது.

"தம்பி, நான்தான். பேனா எடுத்துக்கோ. 'கழிப்பறை விபத்தில் சிக்கிய குழந்தையை மீட்டு அறிக்கை அளிக்கவும்'னு போட்டிருக்கீங்க. குழந்தை ட்ரவுசர்லயே போயிடுச்சு, அவ்ளோதான? லாரி வந்து மோதின மாதிரி எழுதியிருக்கீங்களே, இத எந்தப் புண்ணியவான்யா பாத்து ஓகே பண்ணான்? பேரு சொல்லு. இல்ல இல்ல, நான் லைன்லயே இருக்கேன். கேட்டுட்டு வந்து சொல்லு."